அழட்டும், இளகாதீர்கள்!

இன்று சாயங்காலம் உங்கள் பிள்ளை அழப்போகிறது. நன்றாகத் தெரிகிற கண்ணின்மேல் பேட்ச் ஒட்டிய அடுத்த நிமிடமே, "ஒண்ணும் தெரியலைம்மா, எடுத்துவிடும்மா" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். காலை உதைக்கும். கெஞ்சும். பெற்ற மனசு கேட்குமா? உங்கள் விரல் தானாகவே அந்த ஒட்டின் ஓரத்தைத் தேடிப் போகும்.

நிறுத்துங்கள்! அந்த விரலை அங்கேயே நிறுத்துங்கள். இளகிப்போய் நீங்கள் அதைப் பிய்த்து எடுத்தால் இன்றைய அழுகை இரண்டு நிமிடத்தில் ஓய்ந்துவிடும். இருபது வயதில் இதே பிள்ளை வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போய், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, எதிரே மாட்டியிருக்கும் அட்டையில் மேல் வரியைக்கூடப் படிக்க முடியாமல் திரும்பி வருமே, அன்றைக்கு என்ன சொல்லித் தேற்றுவீர்கள்? நான்கு வயதில் சிந்தும் கண்ணீர் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். நான்கு வயதில் கைவிட்ட பார்வையைப் பிறகு மீட்பது பெரும்பாடு.

உங்கள் பிள்ளையின் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்துவிட்டால் உறுதி தானாக வரும். எந்தக் குழந்தையும் முழுப் பார்வையோடு பிறப்பதில்லை. கண் படம் பிடித்து அனுப்புகிறது. அதைப் படிக்க மூளை பழகுகிறது. இந்தப் பழக்கம் முதல் ஏழெட்டு ஆண்டுகளில்தான் மும்முரமாக நடக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு கண்ணில் மட்டும் பவர் கூடுதலாக இருந்தாலோ, ஒரு கண் மாறுகண்ணாக விலகியிருந்தாலோ, பிறவிப் புரையோ தொங்கிய இமையோ வெளிச்சத்தை மறைத்தாலோ, அந்தக் கண்ணிலிருந்து மங்கலான, பொருந்தாத படம்தான் மூளைக்குப் போகும். பக்கத்திலேயே தெளிவாகப் பார்க்கும் கண் இருக்கும்போது மங்கலான கண்ணை மூளை ஏன் சட்டை செய்யப்போகிறது? ஒதுக்கி வைத்துவிடும். இதைத்தான் சோம்பல் கண், ஆம்ப்ளியோபியா என்கிறார்கள். நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது. ஒரு எல்கேஜி வகுப்பு, ஒரு யுகேஜி வகுப்பு என்று எண்ணிக்கொண்டே போனால், உங்கள் தெருப் பள்ளியிலேயே இப்படி ஒரு பிள்ளை இருக்கும்.

டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசெல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1960-களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையை மட்டும் தைத்து மூடி வைத்துப் பார்த்தார்கள். சில வாரங்கள் கழித்துத் தையலைப் பிரித்தபோது கண்ணில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்ல அநேகமாக ஒரு செல்லும் இல்லை. திறந்திருந்த கண்ணே எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. மூளை வளைந்து கொடுப்பதற்கென்று ஒரு பருவம் இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் உலகத்துக்கு உறைத்தது. 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் பிள்ளை இப்போது நிற்பது அந்தப் பருவத்தில்தான். வாசல் திறந்திருக்கிறது. நீங்கள் தயங்கிக்கொண்டு நிற்கலாமா?

நல்ல கண்ணை மூடினால் மூளைக்கு வேறு வழியில்லை. ஒதுக்கி வைத்த கண்ணிடம்தான் அது போய் நிற்க வேண்டும். பேட்ச் செய்வது இவ்வளவுதான். பிரெஞ்சு இயற்கை அறிஞர் பூஃபோன் 1743-லேயே நல்ல கண்ணை மூடச் சொல்லி எழுதினார். இருநூற்றெண்பது வருடமாக உலகம் கைவிடாத வைத்தியம் இது. கத்தி இல்லை, ஊசி இல்லை, வலி இல்லை. கையடக்கமான ஒரு ஒட்டும், அதை எடுக்க விடாத ஒரு தாயும் தகப்பனும் போதும்.

"இத்தனை நாள் எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று?" என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளும் அம்மாக்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் பிள்ளைக்கே அது தெரியாது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. பிள்ளை ஓடுகிறது, பந்து பிடிக்கிறது, தரையில் விழுந்த ஒற்றைக் கடுகைக்கூடப் பொறுக்குகிறது. கண் சிவப்பதில்லை, வலிப்பதில்லை. மாறுகண் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். பவர் வித்தியாசம் மட்டும் இருந்தால் பெற்ற தாயும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அந்தக் குற்ற உணர்வை இந்த நிமிடமே தூக்கி எறியுங்கள். அதைச் சுமந்துகொண்டிருந்தால் பிள்ளை அழும்போது நீங்களும் சேர்ந்து அழுவீர்கள், இருவருமாகச் சேர்ந்து ஒட்டைப் பிய்த்துவிடுவீர்கள்.

இனிமேல் எண்ண வேண்டியது மணி நேரங்களை மட்டும்தான். அமெரிக்காவில் குழந்தைக் கண் மருத்துவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஆராய்ந்து 2003-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஏழு வயதுக்குக் கீழே, நடுத்தர அளவு பாதிப்புள்ள குழந்தைகளில் சிலருக்குத் தினமும் 2 மணி நேரம், சிலருக்கு 6 மணி நேரம் ஒட்டினார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவும் ஒரே அளவு முன்னேறியிருந்தது. 2 மணி நேரம்! டிவியில் ஒரு சினிமா ஓடுகிற நேரம்கூட இல்லை. பாதிப்பு கடுமையாக இருந்தால் மருத்துவர் 6 மணி நேரம் சொல்லுவார். நாள் முழுக்க ஒட்டிய குழந்தைகளுக்கு இணையான பலன் அந்த 6 மணி நேரத்திலேயே கிடைத்தது என்பதையும் அதே குழு கண்டது. பிரிட்டனில் இன்னொரு குழு, பேட்சிலேயே ஒரு சிறு மின்னணுக் கருவியைப் பொருத்தி, உண்மையில் எவ்வளவு நேரம் அது கண்ணில் இருக்கிறது என்று அளந்தது. ஏறத்தாழ 120 மணி நேரத்துக்கு அட்டையில் ஒரு வரி கூடுகிறது என்பது அவர்கள் கண்ட கணக்கு. தினம் 2 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் ஒரு வரி. காலண்டரில் கட்டம் கட்டிக்கொண்டு உட்காருங்கள்!

அதே ஆய்வில் சுடுகிற உண்மை ஒன்றும் வெளியே வந்தது. தினம் 6 மணி நேரம் ஒட்டச் சொன்ன வீடுகளில் சராசரியாக ஒட்டியது 3 மணி நேரம்கூட இல்லை. பெற்றோருக்குப் பாசம் குறைந்தா போயிற்று? பாசம் வழிந்து ஓடியதால்தான் ஒட்டு பாதியில் கழன்றது. பாசத்துக்கு ஒரு முதுகெலும்பு வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. பிரசவ வலியைத் தாங்கிய உடம்பு உங்களுடையது. ஆறு மாதம் தூங்காமல் விழித்து வளர்த்த கண்கள் உங்களுடையவை. இந்த இரண்டு மணி நேரமா உங்களைத் தோற்கடித்துவிடும்?

காளத்தி மலையில் திண்ணன் என்ற வேடன் தன் சாமிக்காகத் தன் கண்ணையே தோண்டிக் கொடுத்தான். அடுத்த கண்ணையும் கொடுக்க, இடம் தெரியவேண்டுமே என்று காலால் அடையாளம் வைத்துக்கொண்டான். கண்ணப்பர் என்று இன்றைக்கும் கும்பிடுகிறோம். உங்களிடம் யாரும் கண்ணைக் கேட்கவில்லை. உங்கள் குழந்தைக்குக் கண்ணைக் கொடுக்க, சாயங்காலத்தில் இரண்டு மணி நேரம் கேட்கிறார்கள். கொடுக்க மாட்டீர்களா?

எப்படி ஒட்டுவது என்பதிலேயே பாதி வெற்றி இருக்கிறது. முகத்தை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பத்து நிமிடத்தில் ஓரம் தூக்கும். கண்ணை மூடச் சொல்லி, மூக்குப் பக்கத்துக் குறுகிய முனையை முதலில் பதித்து, நெற்றிப்பொட்டுப் பக்கமாக நீவிக்கொண்டே வாருங்கள். புருவத்தின் கீழே இடைவெளி இருக்கக் கூடாது. ஒட்டுவது தோலின்மேல், அதற்கு மேலேதான் கண்ணாடி. கண்ணாடியில் துணியை மாட்டிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்க்கிற வித்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல் ஓரத்தை ஈரத்துணியால் நனைத்து, தோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு மெதுவாக உரியுங்கள். தோல் சிவந்து தடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வேறு வகை ஒட்டு இருக்கிறது. "தோல் சிவந்தது, அதனால் ஒரு வாரம் விட்டுவிட்டோம்" என்று சொல்லிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

ஒட்டியபின் பிள்ளையைச் சும்மா உட்கார வைத்தால் அது ஒட்டைத்தான் நினைத்துக்கொண்டிருக்கும். பல்லாங்குழியை எடுத்து வையுங்கள். புளியங்கொட்டையை எண்ணி எண்ணிக் குழியில் போடட்டும். பாசி கோக்கட்டும். வாசலில் புள்ளி வைத்துக் கோலம் இழுக்கட்டும். முதல் நாளில் புள்ளியைத் தாண்டிக் கோடு எங்கோ போகும், திட்டாதீர்கள். கிட்டத்தில் பார்க்கிற வேலைதான் செய்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, முற்றத்தில் பந்து உருட்டி விளையாடினாலும் அந்தக் கண் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்த நேரம் முழுவதும் பிள்ளை பார்ப்பது மங்கலான கண்ணால் மட்டும் என்பதை மறக்காதீர்கள். மாடிப்படி, அடுப்படி, தெரு மூன்றுக்கும் தனியே விடக் கூடாது.

இப்போது பாட்டி வருவார். "ஏம்மா பச்சப் பிள்ளையை இப்படிப் படுத்துற? நாளைக்குப் போட்டுக்கலாம், விடு" என்பார். பாட்டியின் கண்ணிலும் நீர் இருக்கும். அவரோடு சண்டை வேண்டாம். "அத்தை, நீங்களே ரெண்டு மணி நேரம் அவனுக்குக் கதை சொல்லுங்க, ஒட்டு உங்க பொறுப்பு" என்று பிள்ளையை அவர் மடியிலேயே உட்கார வையுங்கள். காவலுக்கு அவரைவிடக் கெட்டிக்காரர் யார்? ஆனால் "மாறுகண் அதிர்ஷ்டம்டி, மாத்தாதே" என்று யாராவது வாய் திறந்தால், அங்கே பொறுமை வேண்டாம். ஒரு குழந்தையின் பார்வையைத் தின்றுகொண்டிருக்கிற ஒன்றுக்கு அதிர்ஷ்டம் என்று பேர் வைக்க யாருக்கு உரிமை? அதே மாதிரி, "பொம்பளப் பிள்ளைக்குக் கண்ணாடி மாட்டினா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்ற பேச்சும் வரும். என் ரத்தம் கொதிக்கிற இடம் இது. கண்ணாடி வேண்டிய பிள்ளைக்குக் கண்ணாடி இல்லாமல் பேட்ச் மட்டும் ஒட்டுவது பாதி வேலை. பவர் வித்தியாசத்தால் வந்த சோம்பல் கண் சில குழந்தைகளுக்குக் கண்ணாடியாலேயே முழுக்கச் சரியாகிவிடுகிறது. அதனால்தான் பல மருத்துவர்கள் முதலில் சில வாரங்கள் கண்ணாடி மட்டும் போடச் சொல்லிவிட்டு, பிறகு பேட்ச் எழுதுகிறார்கள். அந்தக் கண்ணாடியை உங்கள் மகளிடமிருந்து பறிக்கிறவர் சொந்தக்காரராக இருந்தாலும் சரி, வாசலுக்கு வெளியே நிறுத்துங்கள்.

பிறகு தெரு இருக்கிறது, வகுப்பு இருக்கிறது. "சோடாபுட்டி", "ஒத்தக் கண்ணு" என்று நாலு பிள்ளைகள் கூப்பிடத்தான் செய்யும். ஆசிரியர்களே, உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். அந்தப் பிள்ளையை முன்னால் அழைத்து, "இவன் கண்ணுக்குப் பயிற்சி கொடுக்கிறான்" என்று வகுப்புக்கு ஒரே ஒரு முறை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் வகுப்பு கேட்கும். அப்பாக்களே, உங்களுக்கும்தான். ஒட்டுவது அம்மா வேலை, கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்துக் கொஞ்சுவது அப்பா வேலை என்று பிரித்துக்கொண்டால் பிள்ளை யார் பக்கம் சாயும் என்று தெரியாதா? ஒரு நாள் அவர், ஒரு நாள் நீங்கள் என்று ஒட்டுங்கள்.

உடம்பைப் பழக்கலாம் என்று நம்பாதவர்களுக்கு மதுரையில் வாழ்ந்த ஒரு மனிதரைக் காட்டுகிறேன். டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918-ல் வடமலாபுரம் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பிரசவ மருத்துவராக ஆசைப்பட்டார். இளவயதிலேயே முடக்குவாதம் வந்து படுக்கையில் தள்ளியது, கைவிரல்கள் கோணிக்கொண்டன. பேனா பிடிக்கவே முடியாத விரல்கள்! அவர் என்ன செய்தார்? கண் மருத்துவம் படித்தார். மனித உடம்பிலேயே மிக நுணுக்கமான அறுவை கேட்கிற துறையைப் போய்த் தேர்ந்தெடுத்தார். அந்தக் கோணல் விரல்களுக்குள் கத்தியை வைத்து வைத்து, பிடிக்க வைத்துப் பழக்கினார். அதே கைகளால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்று, 58 வயதில், 1976-ல் 11 படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. முப்பது வயதைத் தாண்டிய விரல் பழகியது என்றால், நான்கு வயது மூளை பழகாதா? வளரத் துடித்துக்கொண்டிருக்கிற மூளையாயிற்றே அது!

"ஒரு கண் நல்லாத்தானே இருக்கு, அது போதாதா?" என்று கேட்பவர்கள் நிச்சயம் மன்சூர் அலிகான் பட்டோடியை இழுப்பார்கள். 1961-ல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் வலக்கண் பார்வை போனது. அடுத்த ஆண்டே, 21 வயதில், இந்திய கிரிக்கெட் அணியின் கேப்டன். அவருக்கு என் வணக்கம். ஆனால் அவரிடமிருந்து அந்தக் கண்ணை ஒரு கண்ணாடிச் சில் பறித்துக்கொண்டது. மீட்க வழி இருந்திருந்தால் அவர் ஒரு நாளாவது சும்மா இருந்திருப்பாரா? உங்கள் பிள்ளைக்கு வழி இருக்கிறது. கண் முழுசாக இருக்கிறது, மூளையைத் தட்டி எழுப்ப வேண்டியதுதான் பாக்கி. இன்னொன்றும் யோசியுங்கள். நல்ல கண் ஒன்றே ஒன்றாக இருக்கும் பிள்ளையின் அந்தக் கண்ணில் ஒரு தீபாவளி வெடியோ, கிட்டிப்புள்ளோ பட்டால்? ராணுவம், ரயில் ஓட்டுநர், விமானி என்று பிள்ளை எதற்கு ஆசைப்பட்டாலும் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகத்தான் சோதிப்பார்கள். ஆழம் அளந்து பார்க்க இரண்டு கண்ணும் ஒன்றாக உழைத்தாக வேண்டும்.

வீரம் பேசும்போதே எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். மருத்துவர் எழுதிய நேரத்துக்கு மேல் நீங்களாக ஒட்டாதீர்கள். சின்னக் குழந்தைக்கு அளவு மீறி ஒட்டினால் நல்ல கண்ணே மங்கத் தொடங்கலாம். சொன்ன தேதியில் மறுபரிசோதனைக்குப் போகச் சொல்வது அதற்காகத்தான். மாறுகண்ணுக்கு அறுவை செய்தாயிற்று, இனி பேட்ச் வேண்டாம் என்று முடிவு கட்டாதீர்கள். அறுவை கண்ணை நேராக்கும், மூளையைப் பழக்குவது பேட்ச்தான். எப்படி முயன்றாலும் ஒட்ட விடாத பிள்ளைக்கு, நல்ல கண்ணை மங்கலாக்கும் அட்ரோபின் சொட்டு மருந்து இருக்கிறது. நடுத்தரப் பாதிப்பில் அதுவும் பேட்சுக்குச் சமமாகப் பலன் தந்திருக்கிறது. கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். பார்வை வந்துவிட்டது என்று திடீரென்று நிறுத்தவும் கூடாது. சிகிச்சையை நிறுத்திய முதல் வருடத்தில் நான்கில் ஒரு பிள்ளைக்குப் பார்வை மறுபடி கொஞ்சம் இறங்குகிறது. படிப்படியாகக் குறைத்து நிறுத்தினால் அந்த ஆபத்து குறைகிறது.

ஏழு வயது தாண்டிவிட்டதே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் பெற்றோரே, எழுந்திருங்கள்! 7 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்குச் சிகிச்சை கொடுத்துப் பார்த்ததில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் முன்னேறினார்கள் என்று 2005-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. அதுவரை எந்தச் சிகிச்சையும் பெறாத 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில்கூடப் பாதிக்கு நெருக்கமானவர்கள் பலன் கண்டார்கள். முன்கூட்டி வருபவர்களுக்கு வேகமாகக் கிடைக்கும். தாமதமாக வந்தவர்களுக்குக் கொஞ்சமாகவும் மெதுவாகவும் கிடைக்கலாம். கிடைக்கவே கிடைக்காது என்று யார் சொன்னாலும் கண் மருத்துவர் வாயால் கேட்கும்வரை நம்பாதீர்கள்.

இன்னும் பரிசோதனையே செய்யாத வீடுகளுக்கு என் கோரிக்கை. தமிழ்நாட்டில் 2009-ல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டம் ஆறாம் வகுப்பிலிருந்துதான் பிள்ளைகளைப் பார்க்கிறது. ஆறாம் வகுப்பு என்றால் பதினோரு வயது. சோம்பல் கண்ணுக்கு அது பிந்திய வயது. அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள். நீங்களும் இன்றைக்கே ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி விளையாட்டுக் காட்டிப் பாருங்கள். ஒரு கண்ணைப் பொத்தும்போது மட்டும் பிள்ளை கையைத் தட்டிவிட்டு முரண்டு பிடித்தால் அது செய்தி. செல்போன் படத்தில் ஒரு கருவிழி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் அது அவசரம், அன்றைக்கே ஓடுங்கள். எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் பள்ளியில் சேர்ப்பதற்கு முன் ஒரு முறை சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்த்துவிடுங்கள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு ஆப்பிள், வீடு என்று படம் போட்ட அட்டை இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது, ஓபி சீட்டுக்குக் காசு இல்லை. சென்னைக்காரர்களுக்கு, 1819-ல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது. நாளைக் காலையிலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.